கைத்தாங்கல்காரரும் மூன்று படிகளும்

கடைத்தெருக்களில் மட்டும் செழித்து வளருகிற ஓர் இனம் உண்டு. அதற்குக் கைத்தாங்கல்காரர் என்று பெயர் வைப்போம். இவர் ஒரு கையால் வேட்டி நுனியைப் பிடித்திருப்பார். இன்னொரு கையை எப்போதும் காலியாகவே வைத்திருப்பார். ஏன் காலியாக? யாராவது தடுமாறினால் பிடிக்க வேண்டாமா! யாரும் தடுமாறாவிட்டால்? தடுமாறுகிற வரைக்கும் காத்திருப்பார். நல்ல மனிதர்தான். இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களுக்கே தேவைப்படலாம்.

எண்பத்தொன்றாம் வருஷத்தில் ஆம்பூர் பஜாரில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒருவர் இருந்தார். பெயர் தணிகைவேல். குடியாத்தத்து லுங்கிகளை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்றுக்கொண்டிருந்தார். கடை இருந்த கட்டடமும் அவருடையது. அதில் பக்கத்து அறை ஒன்றை வாடகைக்கு விடுவார்.

பஜாரின் நடைபாதையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நடைபாதை இருந்தது, ஆனால் கடைக்குக் கடை அதன் குணம் மாறியது. மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று ஒருவர் தன் கடை முன்னால் ஒரு முழம் உயர்த்துவார். அவரை அண்ணாந்து பார்த்து வியாபாரம் செய்வதாவது என்று பக்கத்துக்காரர் ஒன்றரை முழம் உயர்த்துவார். அடுத்தவருக்குக் காசில்லை, அவர் கடப்பைக்கல்லைக் கால்வாய்மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஆடுகிற கல்லுக்கு அடியில் ஓட்டாஞ்சில்லு செருகுவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து மசூதி வரைக்கும் நடைபாதையில் நடந்து போனவர்கள் ஏறி இறங்கி ஏறி இறங்கி மலைக்கோயிலுக்குப் போய்வந்த களைப்போடு வீடு சேர்ந்தார்கள். புத்தியுள்ளவர்கள் ரோட்டிலேயே லாரிகளோடு லாரியாக நடந்தார்கள்.

தணிகைவேலின் கடைக்கும் பக்கத்து அறைக்கும் சேர்த்து மூன்று படிகள். அவருடைய அப்பா போட்ட கருங்கல் படிகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், தேய்ந்து தேய்ந்து எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். மேல்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு தணிகைவேல் உட்கார்ந்திருப்பார். உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் காற்று வராது என்று சொல்லுவார். காற்றுக்காக மட்டும் உட்காரவில்லை என்பது அவர் மனைவி கமலவேணிக்குத் தெரியும்.

தூரத்தில் ஒரு தடி தெரிந்தால் போதும். ஒரு முதுகு வளைந்து தெரிந்தால் போதும். நாற்காலி பின்னால் தள்ளப்படும். "வழி வுடுங்க! வழி வுடுங்கப்பா!" என்று குரல் எழும்பும், வழியிலேயே இல்லாதவர்கள்கூட விலகுவார்கள். அக்குளில் ஒரு கை, முதுகில் ஒரு கை. "பார்த்து, பார்த்து... மெதுவா... நான் புடிச்சிருக்கேன்ல!" மேலே கொண்டுபோய்ச் சேர்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருக்கிறவர்களைப் பார்க்காத மாதிரி பார்ப்பார். "நாம இன்னா பெர்சா செஞ்சிட்டோம்?" என்பார். யாரும் பெரிதாகச் செய்ததாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி டீக்கடை, சலூன், சைக்கிள் கடை எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். அவரே கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

ஒருமுறை ஆற்காட்டுப் பெரியவர் ஒருவர், மகளைப் பார்க்கப் போகிறவர், மக்கன் பேடா மிட்டாய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். தணிகைவேல் அவரை மேலே தூக்கிவிட்டார். "இல்லப்பா, நான் வந்து..." என்று அவர் ஆரம்பித்தது இரண்டாவது படியில். மூன்றாவது படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. கடைக்குள் கொண்டுவந்து விட்டபிறகு மரியாதைக்காக ஒரு லுங்கி எடுத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது.

"அந்த மனுசன் லுங்கியே கட்றவரு இல்ல, பார்த்தீங்களா? வேட்டி கட்னு வந்தாரு" என்றாள் கமலவேணி.

"வயசானவரு. ஏற முடியாம தவிச்சிக்கினு இருந்தாரு."

"அவரு ஏறவே நினைக்கல. படிய ஒடைச்சி சரிவா போட்டுட்டா வர்றவங்க வருவாங்க, போறவங்க போவாங்க. உங்களுக்கும் முதுகு வலி கம்மியாவும்."

"எதுக்கு? அதான் நான் இருக்கேனே!"

இந்த இனத்தின் தேசிய கீதம் இதுதான். நான் இருக்கேனே. இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது, ஏனென்றால் இருக்கிறார். கண்ணெதிரே, துண்டும் கையுமாக இருக்கிறார்.

அந்த வருஷம் ஊனமுற்றோர் ஆண்டு என்று உலகம் முழுக்க அறிவித்திருந்தார்கள். ஊருக்கு ஊர் கூட்டம். ஆம்பூரிலும் வியாபாரிகள் சேர்ந்து, நடக்க முடியாதவர்களுக்குக் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி கொடுக்க விழா எடுத்தார்கள். விழா எங்கே? கல்யாண மண்டபத்து மாடியில். கீழே ஒரு முகூர்த்தத்துக்குச் சமையல் நடந்துகொண்டிருந்ததால் மாடிதான் கிடைத்தது. அதனால் நடக்க முடியாதவர்கள் முதலில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டார்கள். பிறகு வண்டிகள் தூக்கிக்கொண்டு போகப்பட்டன. மேலே அவர்களை வண்டியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தபிறகு, இறக்கி, அவர்களைத் தனியாகவும் வண்டிகளைத் தனியாகவும் கீழே தூக்கி வந்தார்கள். தணிகைவேலுக்கு வாழ்க்கையிலேயே அதைவிடச் சந்தோஷமான நாள் கிடையாது. முதுகு இற்றுப்போயிற்று. பொன்னாடை போர்த்தினார்கள். "இந்தக் கை இருக்கிற வரைக்கும் இந்த ஊர்ல யாரும் கீழ நிக்க வேண்டியதில்ல!" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அன்று அவர் தூக்கிப்போனவர்களில் ஒருத்தி மீனாம்பாள். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவள். கலவை என்கிற ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே விடிந்ததிலிருந்து அவளை யாராவது தூக்க வேண்டும். தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அண்ணி ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே மீனாம்பாள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவள். டைப் அடிக்கக் கற்று, லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் தேறி, பழைய மெஷின் ஒன்றும் சம்பாதித்து வைத்திருந்தாள். மாதனூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்று, பஜாரில் இடம் பிடித்தால் வெளிநாட்டுக் கடிதங்களை அடிக்கிற வேலையை அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தது. வண்டியும் கிடைத்தாயிற்று. தங்குவதற்குப் பின்தெருவில் படியில்லாத வீடொன்று பார்த்தாயிற்று; இனி மெஷினைப் போட பஜாரில் ஓர் அறை வேண்டும். அறை கிடைக்காவிட்டால் கலவைக்கே திரும்ப வேண்டும்.

மைக்கில் கேட்ட பேச்சை நம்பி அவள் நேரே தணிகைவேல் கடைக்கு வந்து, படிகளுக்குக் கீழே வண்டியை நிறுத்தினாள்.

"அண்ணா, பக்கத்து ரூம்பு காலியா இருக்குன்னாங்க. எனக்குக் குடுக்கிறீங்களா?"

"இன்னாம்மா கேள்வி இது? உனக்கு இல்லாத ரூம்பா? வா, வா!" நாற்காலி பின்னால் போயிற்று. "வழி வுடுங்கப்பா!"

"இருங்கண்ணா, தூக்காதீங்க. வண்டியோட நானே ஏறுற மாதிரி சரிவு போட்டுக் குடுத்தீங்கன்னா வர்றேன்."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பஜார் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னாடை வாங்கிய மனிதர் வேறு என்ன சொல்ல முடியும்? "போட்டுட்டா போச்சு!" என்றார்.

கொத்தனார் கன்னியப்பன் வந்து பார்த்தார். தணிகைவேல் எது சொன்னாலும் "செஞ்சிடலாம்ண்ணா" என்று சொல்லுகிற மனிதர் அவர். மூன்று படிகளையும் மூடி, கால்வாயைத் தாண்டி, ரோட்டு ஓரம் வரைக்கும் நீளமாக இழுத்தால்தான் சரிவு சாதுவாக இருக்கும். அப்படி இழுத்தால் மேலே நாற்காலிக்கு இடம் இருக்காது; வண்டி திரும்ப வேண்டுமே. தணிகைவேல் யோசித்தார். நாற்காலி போனால் தூரத்தில் வருகிற தடிகள் எப்படித் தெரியும்? அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ரொம்ப நீட்டாதப்பா. ரோட்டுல போறவங்களுக்கு பேஜாரு. படியில பாதியை வுட்டுட்டு, ஒரு ஓரமா இங்கேர்ந்து இங்க, குட்டையா இறக்கிடு."

"செஞ்சிடலாம்ண்ணா."

செய்துவிட்டார். வந்து சேர்ந்த பொருளைச் சரிவு என்பதா, சுவரைக் கொஞ்சம் படுக்கவைத்தது என்பதா என்று தெரியவில்லை. ஆனால் சிமெண்ட் பளபளவென்று இருந்தது. திறப்பு விழா நடந்தது. எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள், ரிப்பன் கட்டினார்கள், சோடா கொடுத்தார்கள்.

மீனாம்பாள் தூரத்திலிருந்தே வேகமெடுத்து வந்தாள். கை வலிக்கச் சுற்றினாள். ரிப்பன் அறுந்தது. பாதி ஏறியதும் வண்டி நின்றது. ஒரு நொடி அப்படியே யோசித்தது. பிறகு பின்னோக்கி உருள ஆரம்பித்தது.

"நான் இருக்கேன்ல!" தணிகைவேல் பாய்ந்து வந்து பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். முன்பு அவர் ஒருவரே தூக்கினால் போதும். இப்போது வண்டியையும் சேர்த்துத் தள்ளச் சோடாக்காரனும் வர வேண்டியிருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தை மீனாம்பாள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க இல்லாத நேரத்துல இன்னாண்ணா செய்யறது?"

"நான் எங்கம்மா போவப்போறேன்?"

"குடியாத்தம் சரக்கெடுக்கப் போவீங்க. கல்யாணம் காட்சின்னு போவீங்க. மத்தியானம் சாப்ட்டுத் தூங்குவீங்க."

"அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார். இனத்தின் இரண்டாவது கீதம் அது.

பார்த்துக்கொள்ள நேரமும் சீக்கிரமே வந்தது. ஷூ கம்பெனிக்கு அவசரமான கடிதங்கள். மத்தியான ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் பஜாருக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும். அவள் அடித்து முடித்து, கவரில் போட்டு, வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தாள். கீழே பார்த்தால் தலை சுற்றியது. அந்தச் சரிவில் தனியாக இறங்கினால் நேரே எதிர்ச்சாரியில்தான் போய் நிற்க வேண்டும், நடுவில் லாரி வராமல் இருந்தால். நாற்காலி காலியாக இருந்தது. தணிகைவேல் மத்தியானத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு, வீட்டில் தலைக்குத் துண்டை மடித்து வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் கவரைத் தூக்கி ஆட்டினாள். பஸ் போய்விட்டது.

சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து சத்தம் போட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை வேலூருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். மீனாம்பாளின் முகம் செத்துப்போயிற்று. கலவை வீடும் அண்ணியின் பெருமூச்சும் கண்முன் வந்து நின்றிருக்க வேண்டும்.

"என்னை எழுப்பியிருக்கக் கூடாதா? ஒரு ஆளு அனுப்பினா ஓடி வந்திருப்பேனே!" என்று தணிகைவேல் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவள் மெஷினை உறை போட்டு மூடினாள்.

மறுநாள் அவள் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள். எதிரே இருந்தது இஷ்தியாக் அகமதுவின் தோல் மண்டி. உப்புப் போட்ட ஈரத்தோல் என்ன கனம் கனக்கும் தெரியுமா? அதைப் படியேற்றுவதற்கு எந்தச் சுமைக்காரரும் சம்மதிக்க மாட்டார். அதனால் அந்த வட்டாரத்துத் தோல் மண்டிகளில் வாசல் ரோட்டோடு ரோடாக, கண்ணுக்குத் தெரியாத சரிவாக உள்ளே போகும். கைவண்டியை ஓர் ஆள் பாட்டுப் பாடிக்கொண்டே தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஆட்டுத்தோலுக்கு அந்தப் பஜாரில் கிடைத்த வசதி அது. முன்பக்கம் கணக்கர் உட்கார்ந்த சின்ன அறை சும்மா கிடந்தது.

"பாய், அந்தப் பொண்ணை அங்கியா வெக்கிறது? நாத்தம் தாங்காதே!" என்று தணிகைவேல் ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

இஷ்தியாக் அகமது சிரித்தார். "நான் வெக்கிலப்பா தணிகை. அதுவே வந்துச்சு. நான் பார்க்கக்குள்ள உள்ள இருந்துச்சு."

மீனாம்பாள் டைப் மெஷினிலிருந்து தலை தூக்கினாள். "ஆம்பூர்ல நாத்தம் இல்லாத எடம் எங்கண்ணா இருக்கு?"

அதற்குப் பிறகு தினமும் காலையில் தணிகைவேலின் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு காட்சி நடந்தது. வண்டி வரும். யாரையும் பார்க்காமல், யாரையும் கூப்பிடாமல், திரும்பும்; உள்ளே போகும். அவ்வளவுதான். ஒருவரும் வழி விடவில்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வரும் நேரத்துக்கு வெளியே வரும், கவரைக் கொடுக்கும், திரும்பிப் போகும். தணிகைவேலுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. அவள் நன்றாக இருக்கிறாள் என்று சந்தோஷப்படத்தான் அவர் முயன்றார். முடியவில்லை. முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இதைக் கமலவேணியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒருநாள் தாங்காமல் ரோட்டைத் தாண்டினார். பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஏதாவது தூக்கிவைக்க வேண்டியிருந்தால் தூக்கிவைக்கலாம்.

அவர் பிறந்ததிலிருந்து கடை என்றால் படி. கால் அப்படித்தான் பழகியிருந்தது. மண்டி வாசலுக்கு வந்ததும் வலது கால் தன்னால் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது. கீழே படி இல்லை. தூக்கிய கால் வெறுங்காற்றில் இறங்கி, எதிர்பார்த்ததைவிட வெகுநேரம் கழித்துத் தரையைத் தொட்டது. ஒரு தள்ளாட்டம். விழவில்லை. விழவே இல்லை.

"அய்யய்யோ, பார்த்து! பார்த்து!"

நான்கு சுமைக்காரர்கள் தோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அக்குளில் ஒரு கை, முதுகில் ஒரு கை. இன்னொருவர் இடுப்பைப் பிடித்தார். அவர்கள் கையெல்லாம் தோலின் உப்பு.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா, வுடுங்க" என்றார் தணிகைவேல்.

"பேசாதீங்கண்ணா, மூச்சு வாங்கும்."

"யோவ், நான் நல்லாத்தான்யா இருக்கேன்!"

"வயசாய்டுச்சுல்ல. வழி வுடுங்கப்பா, வழி வுடுங்க!"

பஜார் முழுக்கத் திரும்பியது. சலூன்காரர் கத்தியோடு வந்து நின்றார். சோடா வந்தது, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாயில் ஊற்றினார்கள், பாதி சட்டைக்குள் போயிற்று. இத்தனை பேர் நடுவில், நன்றாக இருக்கிற மனிதன் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் ஒருவருக்கும் ஏன் காது கேட்காமல் போகிறது? தணிகைவேலுக்கு அவமானத்தில் காது சுட்டது. மண்டியின் முன்னறைக்குள் டைப் மெஷின் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

"ஏம்மா, நீயாவது சொல்லும்மா!" என்று கெஞ்சினார்.

மீனாம்பாள் வரியை முடித்தாள். மெஷினின் மணி அடித்தது. காகிதத்தை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"மாடிக்குத் தூக்கினு போனீங்களே, அன்னிக்கு நானும் வேணாம்னுதாண்ணா சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு சுமைக்காரர்களிடம், "அவரு நல்லாத்தான் இருக்காரு, வுட்டுடுங்க" என்றாள். அவர்கள் விடவில்லை. அப்படியே அலாக்காகத் தூக்கி, ரோட்டைத் தாண்டி, அந்த மூன்று கருங்கல் படிகளிலும் ஏற்றி, அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து, துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்கள். மூத்தவர் கமலவேணியிடம், "நாம இன்னாக்கா பெர்சா செஞ்சிட்டோம்" என்றார்.

கமலவேணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளிருந்து வந்த சத்தம் அழுகைச் சத்தம் இல்லை. தணிகைவேல், அவர்களை விலக்கப் பார்த்ததில் உப்பு ஒட்டிய தன் கைகளைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தோடு சேர்ந்த சிரிப்பு; நிறுத்த முடியவில்லை. "அந்த ஆற்காட்டுக்காரரு லுங்கி வாங்கினாரே, நான் இப்படி வுடாம புடிச்சதாலதாண்டி வாங்கினாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடை, சலூன், சைக்கிள் கடை எல்லாம் போய்விட்டது. இந்தத் தடவை அவர் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

கன்னியப்பன் மறுபடி வந்தார். படிகள் உடைந்தன. சரிவு கால்வாயைத் தாண்டி ரோட்டு ஓரம் வரைக்கும் சாதுவாகப் படுத்தது. நாற்காலி கல்லாவுக்குப் பக்கத்தில், காற்று வராத இடத்துக்குப் போயிற்று. பக்கத்துக் கடைக்காரரிடமும் பேசி, இரண்டு கடை முன்பக்கத்தையும் ஒரே மட்டமாக்கினார்கள். அதற்கடுத்த கடைக்காரர் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். மீனாம்பாள் திரும்பி வந்தாளா என்றால், வரவில்லை. அவளுக்கு மண்டி போதுமாக இருந்தது. ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் வண்டியை நேரே உள்ளே ஓட்டிவந்து அண்ணனுக்கு ஒரு லுங்கி எடுத்தாள். தணிகைவேல் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பிச் சரிவில் இறங்கும்போது மட்டும், "பார்..." என்று ஆரம்பித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். அவள் திரும்பாமலேயே கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

கைத்தாங்கல்காரர் இனம் அவரோடு முடிந்துவிடவில்லை. இதைப் படிக்கிற உங்களைச் சந்தேகிக்கவில்லை. நீங்கள் நல்ல மனிதர். ஆனால் ஒன்று கேட்கலாமா? உங்கள் கடைக்கோ ஆபீசுக்கோ எத்தனை படி என்று யாராவது கேட்டபோது, படியை விட்டுவிட்டு, "அதனால இன்னா, நான் இருக்கேனே" என்று சொன்னதுண்டா? சொன்னதில்லை என்றால் நிம்மதியாக இருங்கள். சொன்னதுண்டு என்றாலும் பரவாயில்லை, வெட்கப்பட வேண்டாம், மெதுவாக எழுந்திருங்கள். இருங்கள், இருங்கள், அவசரப்படாதீர்கள். இதோ, கையைக் கொடுங்கள்.